இரு கால்களையும் இழந்த டக்ளஸ் பாடர் போர் விமானம் ஓட்டியது எப்படி?

நெய்தல் (கேள்வி)

இரண்டாம் உலகப் போரின் வான்படை வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் எவரும் பிரிட்டனின் டக்ளஸ் பாடரைத் தாண்டிச் செல்ல முடியாது. 1931 டிசம்பர் 14 அன்று, ரெடிங் நகருக்கு அருகிலுள்ள வுட்லி விமானத் தளத்தில், தரையை ஒட்டிப் பறந்தபடியே விமானத்தை உருட்டிக் காட்ட முயன்றபோது அவருடைய பிரிஸ்டல் புல்டாக் விமானத்தின் இடது இறக்கை நுனி தரையில் பட்டு, விமானம் நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 21. ராயல் பெர்க்‌ஷயர் மருத்துவமனையில் லியோனார்டு ஜாய்ஸ் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வலக்காலை முழங்காலுக்கு மேலும், இடக்காலை முழங்காலுக்குக் கீழும் அகற்றி உயிரைக் காப்பாற்றினார். தரைக்கருகே உருட்டும்போது விழுந்ததாகவும் அது மோசமான ஆட்டம் என்றும் தம் பறத்தல் குறிப்பேட்டில் பாடர் சுருக்கமாக எழுதி வைத்தார்.

1933-இல் விமானப்படை அவருக்கு மருத்துவக் காரணத்தால் ஓய்வளித்துவிட்டது. ஆனால் 1940 கோடையில் அதே மனிதர் ஹரிக்கேன் விமானங்களைக் கொண்ட 242-ஆம் ஸ்குவாட்ரன் என்ற போர் விமான அணியின் தலைவராக இருக்கிறார். 1941 ஆகஸ்டில் பிரான்சின் மேல் வீழ்ந்து சிறைப்படும்போது, இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்று அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது.

இதைப் பற்றித் தமிழில் நான் படித்த குறிப்புகள் எல்லாம் மன உறுதி என்ற ஒன்றையே காரணமாகச் சொல்லி முடிந்துவிடுகின்றன. மன உறுதியை நான் குறைத்து மதிக்கவில்லை; ஆயினும் விமானத்தின் சுக்கானை இயக்குவது கால்கள்தானே? அவருக்காக விமானத்தில் ஏதேனும் மாற்றம் செய்தார்களா? ஒருமுறை முடியாது என்று வெளியே அனுப்பிய அதே படை, எந்த விதியின் கீழ் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது? போருக்குப் பிறகு 1954-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறும், 1956-இல் வந்த திரைப்படமும் காட்டும் பாடர் எந்த அளவுக்கு உண்மையான பாடர்? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

ஓடுபாதை

விமானப் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் மற்ற விமானிகளுக்கு எப்படி இருந்தனவோ அப்படியேதான் பாடருக்கும் இருந்தன. அதற்குக் காரணம் அந்த விமானங்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரு விமானியின் கால்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, மிதிகளை முன்னும் பின்னும் தள்ளிச் சுக்கானைத் திருப்புவது. மற்றொன்று, தரையில் ஓடும்போது சக்கரங்களுக்குப் பிரேக் போடுவது. முதலாவதற்குத் தேவைப்படுவது நேரான தள்ளுவிசை. கணுக்கால் மடங்க வேண்டியதில்லை. முழங்கால் மிஞ்சியிருந்த இடக்காலால் அதைப் பாடர் ஓரளவு இயல்பாகவே செய்திருப்பார். வலக்காலுக்கு விசை இடுப்பிலிருந்து தொடை வழியாக வரவேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்விரண்டையும் போல மெர்லின் இயந்திரம் பூட்டிய விமானங்கள் புறப்படும்போது, விசிறி சுழலும் திசையின் விளைவாக இடப்புறம் இழுக்கும்; அதைத் தடுக்க வலது மிதியைத்தான் அழுத்த வேண்டும். அதாவது, மிகுந்த விசை தேவைப்படும் நொடிகளில் அவருடைய மோசமான காலுக்கே வேலை அதிகம். புறப்படும் முன்பே சுக்கானை வலப்பக்கம் சாய்த்து வைக்கும் சமன் சக்கரம் ஒன்று இருந்ததால் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது வேலையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் போர் விமானங்களில் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்கியது. அதன் நெம்புகோல், மிதிவண்டியில் இருப்பதைப் போல, கட்டுப்பாட்டுக் கோலின் கைப்பிடியிலேயே அமைந்திருந்தது. கையால் அதை அழுத்திக்கொண்டு மிதியைத் தள்ளினால், தள்ளிய பக்கத்துச் சக்கரத்துக்குப் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும். கணுக்காலுக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்காவில் உருவான ஹார்வர்டு பயிற்சி விமானத்திலோ மிதியின் மேல்நுனியைக் கால்விரல்களால் அழுத்தித்தான் பிரேக் போட வேண்டும். 1939 அக்டோபரில் அப்பாவனிலிருந்த மையப் பறத்தல் பள்ளியில் பாடரைச் சோதிப்பதற்குக் கொடுக்கப்பட்டது இந்த ஹார்வர்டுதான்! கால்விரலும் கணுக்காலும் இல்லாத மனிதரால் அதில் பிரேக் போட இயலாது. சோதிக்க வந்தவர் கிரான்வெல் பயிற்சிக் கல்லூரியில் பாடருடன் படித்த ரூபர்ட் லீ. தரையில் பிரேக்கைத் தாமே பார்த்துக்கொள்வதாக ஏற்று, மற்ற போர் விமானங்களில் இந்தத் தொல்லை வராது என்று சொல்லிச் சோதனையை நடத்தினார். வேறொருவர் சோதித்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கக்கூடும்.

ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இலும் பிரேக் கால்விரலில்தான். பாடர் ஜெர்மனியில் பிறந்து, அதே விபத்தில் சிக்கி, அதே உறுதியோடு திரும்பி வந்திருந்தாலும், விமானத்தைத் திருத்தாமல் அவரால் ஓட்டியிருக்க முடியாது.

ஈர்ப்பு விசையைப் பற்றியும் ஒரு சொல். கடுமையாகத் திரும்பும்போது குருதி தலையை விட்டுக் கீழே இறங்குவதால் விமானிக்குக் கண் இருண்டு நினைவு தப்பும். கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் இது தள்ளிப்போகும் என்பதற்காகவே ஸ்பிட்ஃபயரில் மிதிகள் இரண்டு அடுக்காக வைக்கப்பட்டன. இறங்குவதற்குக் கால்களே இல்லாததால் பாடர் மற்றவர்களைவிட இறுக்கமாகத் திரும்ப முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வயிற்றுப் பகுதியிலும் தொடைகளிலும் குருதி தேங்குவது எல்லாருக்கும் பொதுவானது என்பதால், இதை ஒரு பெரிய அனுகூலமாகக் கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கீழ்வானம்

ஓடுபாதை ஐயா சொன்னதற்கு மறுபக்கத்தை நான் சொல்கிறேன். செயற்கைக் கால் பொருத்தும் பிரிவில் பணிபுரிகிறேன்.

பாடரின் கதையில் எனக்கு மிக வியப்பூட்டுவது அவர் நடந்ததுதான். பறத்தல் உட்கார்ந்த நிலையில் செய்யும் வேலை. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர், பொருத்தம் சரியாக இருந்தால், சில மாதங்களில் தடியில்லாமல் நடந்துவிடுவார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்கி விடாமலிருக்கத் தொடையைப் பின்னோக்கி அழுத்த வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால், தடுமாறும்போது ஊன்றிக்கொள்ளக்கூடிய நல்ல கால் என்று ஒன்று இருக்காது. மேடு, சரிவு, படிக்கட்டு, ஈரப் புல்தரை ஆகியவை எல்லாம் தனித்தனிச் சோதனைகள். இன்று கணினிச் சில்லு பொருத்திய முழங்கால்களை வைத்துக்கொண்டே எங்களிடம் வருபவர்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது, 1932-இல் உலோகத் தகடும் தோல் வாரும் கொண்டு அவர் நடந்தது எளிதில் நம்பக்கூடியதாக இல்லை.

அந்தக் கால்கள் வந்த வழியும் விமானத்தோடு தொடர்புடையது. லண்டனில் மார்செல் டெசூட்டர் என்ற இளம் விமானி 1913-இல் ஹெண்டன் தளத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட மரக்கால் கனமாக இருந்ததால், பொறியாளரான தம்பி சார்லஸ், விமானம் கட்டப் பயன்பட்ட டியூராலுமின் கலப்புலோகத்தில் இலகுவான கால் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து அக்குடும்பத்தின் செயற்கைக்கால் நிறுவனம் வளர்ந்தது. ரோஹாம்ப்டன் மருத்துவமனையில் பாடருக்குக் கால்களைப் பொருத்தியவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் டெசூட்டர். தடியில்லாமல் உங்களால் நடக்கவே முடியாது என்று ராபர்ட் கூறியதும், தடியைத் தொடவே மாட்டேன் என்று பாடர் மறுத்ததும் பலராலும் சொல்லப்படுவது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு விமானி விழுந்திருக்காவிட்டால், பாடருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு சோடிக் கனத்த மரக்கால்தான்.

பின்னர் அவர் கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டார். தொடக்கத்தில் மட்டையை வீசும்போதெல்லாம் கீழே விழுந்தார்; பிற்காலத்தில் அவருடைய ஹேண்டிகேப் (குறையக் குறைய ஆட்டத்திறன் கூடுதல் என்று காட்டும் எண்) நான்கு வரை இறங்கியது. கோல்ஃப் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரு கால்களும் உள்ளவர்களிலேயே எத்தனை பேர் அந்த இடத்துக்கு வருகிறார்கள் என்று. எல்லாரும் கவனிக்காமல் விடுவது ஒன்றையும் சொல்ல வேண்டும்: அவர் 1933-இல் மணந்த தெல்மா எட்வர்ட்ஸ். அறுவைப் புண்கள் ஆறியும் ஆறாமலும் செயற்கைக்காலின் உலோகக் குழிக்குள் உராயும், வெட்டியபின் மிஞ்சிய கால்பகுதிகளைப் பராமரிப்பது அன்றாட வேலை. புகழ்பெற்ற ஒவ்வொரு செயற்கைக்கால்காரர் வீட்டிலும் அந்த வேலையில் பங்கெடுக்கும் ஒருவர் இருக்கிறார்.

நம் வாசகர்கள் பலருக்குப் பாடரைவிட நெருக்கமானவர் சோவியத் விமானி அலெக்ஸேய் மரேசியெவ். பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' நாவல் சோவியத் பதிப்பகத்தின் வழியாகத் தமிழில் வந்து எத்தனையோ நூலகங்களில் இருந்தது. அதில் ஓர் எழுத்தை மாற்றி மெரேசியெவ் என்று வரும் நாயகன் இவர்தான். 1942 ஏப்ரலில் தெமியான்ஸ்க் பகுதியில் வீழ்த்தப்பட்டு, நசுங்கிய கால்களோடு 18 நாள் பனிக்காட்டில் ஊர்ந்து தம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. 1943 கோடையில் லாவச்கின் விமானத்தில் போர்முனைக்குத் திரும்பி, மேலும் ஏழு விமானங்களை வீழ்த்தினார். மருத்துவக் கண்ணால் பார்த்தால் அவருக்கு இரு முழங்கால்களும் மிஞ்சியிருந்தன. அது மிகப் பெரிய செல்வம். மாறாக, பாடருக்குப் போர் தொடங்கும் முன் நடந்து பழகுவதற்கு ஏழரை ஆண்டுகள் கிடைத்தன, மரேசியெவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஓராண்டு. எவர் பெரியவர் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இருவர் உடல்களும் இருவேறு கணக்குகள்.

பழம்பதிவு

நெய்தல் அவர்களின் விதி பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

1932-இல் விமானத்துறைத் துணை அமைச்சராக இருந்த சர் பிலிப் சஸ்ஸூன், தம் மாளிகைக்கு விருந்தினராக வந்த பாடருக்கு ஓர் ஆவ்ரோ 504 விமானத்தில் பறக்க வாய்ப்பளித்தார். அவர் நன்றாகவே ஓட்டினார். பிறகு மையப் பறத்தல் பள்ளியின் முறையான சோதனையிலும் தேறினார். ஆயினும் மருத்துவக் குழு அவரைப் பறக்க அனுமதிக்கவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: இத்தகைய ஒருவரைப் பற்றி மன்னரின் ஒழுங்குவிதிகளில் எதுவும் கூறப்படவில்லை. கால்கள் இல்லாதவர் பறக்கக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை; பறக்கலாம் என்றும் சொல்லவில்லை. சோதனை ஒன்றை வைத்து, அதில் அவர் தேறிய பின்பு, விதிநூலின் மௌனத்தையே மறுப்பாகப் படித்தார்கள்.

அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகத்தில் விமான எரிபொருள் விற்பனைப் பிரிவில் மேசை வேலை பார்த்தார். 1939 செப்டம்பரில் போர் வந்தது. நண்பர்கள் வழியாகவும் மனுக்கள் வழியாகவும் அவர் அமைச்சகத்தின் கதவைத் தட்டியபோது, தேர்வுக்குப் பொறுப்பாக அமர்ந்திருந்தவர் ஏர் வைஸ் மார்ஷல் ஹாலஹன். பாடர் கிரான்வெல் கல்லூரியில் பயின்ற நாட்களில் அதன் தலைவராக இருந்தவர். தரைப்பணிதான் தம்மால் தர இயலும் என்று முதலில் சொன்ன ஹாலஹன், பிறகு மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்த மனிதரைக் கல்லூரி நாட்களிலிருந்து தமக்குத் தெரியும். கால்களைத் தவிர மற்றபடி உடல் தகுதியுடன் இருந்தால் பறக்கும் தகுதிப் பிரிவிலேயே சேர்த்துவிட்டு, ஓட்ட முடியுமா என்பதைப் பறத்தல் பள்ளியே முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். மருத்துவர் அதற்கு உடன்பட்டார். 1932-இல் இருந்த அதே விதிநூல், அதே மௌனம். இம்முறை அது அனுமதியாகப் படிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று பாடர் ஆவ்ரோ டியூட்டர் விமானத்தில் தனியாகப் பறந்தார். 1940 பிப்ரவரியில் டக்ஸ்ஃபர்டில் 19-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அனுப்பப்பட்டார். அதன் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீவன்சனும் அவருடைய பழைய தோழரே.

இதைப் போன்ற முன்நிகழ்வு ரஷ்யாவில் இருக்கிறது. அலெக்சாண்டர் செவர்ஸ்கி என்ற கடற்படை விமானி 1915-இல் குண்டு வெடித்து ஒரு காலை இழந்தார். அதிகாரிகள் பறக்கவிடவில்லை. ஒரு விமானக் காட்சியில் அனுமதியின்றி ஏறிப் பறந்து காட்டியதற்காகக் கைதானார். செய்தி இரண்டாம் நிக்கோலஸ் மன்னர் வரை போய், அவர் தலையிட்ட பின்னரே போர்முனைக்குத் திரும்பினார். பின்னாளில் அமெரிக்காவில் விமான நிறுவனம் தொடங்கியவர் இவரே. செவர்ஸ்கிக்கு மன்னர், பாடருக்குப் பழைய கல்லூரித் தலைவர்; இருவருக்கும் திறமை இருந்தது, அதைக் கண்டுகொள்ளும் இடத்தில் ஒருவரும் இருந்தார்.

எனவே மன உறுதி போதுமா என்று கேட்டால், கிரான்வெல்லில் படிக்காத, பெரிய வீட்டு விருந்துகளுக்கு அழைக்கப்படாத ஒரு சாதாரணச் சார்ஜென்ட் விமானி 1931-இல் அதே கால்களை இழந்திருந்தால் அவர் மனு ஹாலஹன் மேசைக்கு வந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன். பாடர் திறந்த கதவு பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது என்பதும் உண்மை. கடற்படை விமானப் பயிற்சியில் நேர்ந்த மோதலில் கால்களை இழந்த காலின் ஹாட்ஜ்கின்சன், 1943-இல் ஸ்பிட்ஃபயரில் போரிட்டபோது, இது முடியுமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே விடை இருந்தது.

நெய்தல்

மூவருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட விடை பெரியதாகவும் கலவையாகவும் இருக்கிறது. கைப்பிடியில் இருந்த ஒரு நெம்புகோலும் பழைய தலைவரின் ஒரு குறிப்பும் இத்தனை தூரம் செல்லும் என்று எதிர்பார்க்கவில்லை. என் கடைசிக் கேள்வி இன்னும் நிற்கிறது. படத்தில் வரும் பாடர் எல்லாருக்கும் பிடித்தவராக இருக்கிறார். உண்மையிலும் அப்படித்தானா?

வெண்கொடி

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்; ஆனால் அந்த 'இல்லை'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 1940 ஜூனில் அவர் பொறுப்பேற்ற 242-ஆம் ஸ்குவாட்ரன் பெரும்பாலும் கனடா நாட்டவரைக் கொண்டது; பிரான்ஸ் வீழ்ச்சியில் தோழர்களையும் தளவாடங்களையும் இழந்து, தலைமையின் மேல் நம்பிக்கை போய்க் கோல்டிஷால் தளத்துக்கு வந்திருந்தது. செயற்கைக் கால்களோடு தாங்கித் தாங்கி நடந்து வந்த புதிய தலைவரைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தபோது, அவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஹரிக்கேனை எடுத்துக்கொண்டு போய்த் தளத்தின் தலைக்கு மேலேயே அரை மணி நேரம் வித்தை காட்டி இறங்கினார். உதிரிபாகங்களும் கருவிகளும் வராமலிருந்தபோது, விமானிகளைப் பொறுத்தவரை ஸ்குவாட்ரன் ஆயத்தம், தளவாடங்களைப் பொறுத்தவரை ஆயத்தமில்லை என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். அதிகாரிகள் கொதித்தார்கள், கருவிகள் வந்து சேர்ந்தன. அத்தகைய தலைவரிடம் பணிபுரிந்தவர்கள் அவரைக் கடைசி வரை நேசித்ததில் வியப்பில்லை.

அதே குணம் வேறோர் இடத்தில் தீங்காக முடிந்தது. 1940-இல் ஜெர்மன் வான்படை பிரிட்டனைத் தாக்கிய 'பிரிட்டன் சண்டை'யின்போது தென்கிழக்கு வானம் கீத் பார்க்கின் 11-ஆம் குழுவின் பொறுப்பு. ஜெர்மன் விமானங்கள் கடலைக் கடந்து சில நிமிடங்களில் வந்துவிடுவதால், பார்க் ஒன்றிரண்டு ஸ்குவாட்ரன்களாக உடனுக்குடன் எழுப்பி எதிர்த்தார். வடக்கே டக்ஸ்ஃபர்டில் காத்திருந்த பாடருக்கு அது பொறுக்கவில்லை. மூன்று முதல் ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒன்றுதிரட்டிப் பெரும்படையாக மோத வேண்டும் என்றார். அவருடைய குழுத் தளபதி லீ மல்லோரி அதை ஆதரித்தார். செப்டம்பர் 15 அன்று ஏறக்குறைய அறுபது விமானங்கள் அவர் பின்னால் லண்டனுக்கு மேல் வந்தது ஜெர்மன் விமானிகளைத் திடுக்கிட வைத்தது உண்மை. ஆனால் அத்தனை விமானங்களும் எழுந்து வரிசை சேர நேரம் ஆகும். அதற்குள் 11-ஆம் குழுவின் தளங்கள் குண்டடி பட்டுவிடும். பெரும்படை கூறிய வெற்றிக் கணக்கும் மிகையானது. பல விமானங்கள் ஒரே வானத்தில் கலக்கும்போது ஒரே எதிரியை நான்கு பேர் நான்காக எண்ணுவது இயல்பு. அந்த நாளில் பிரிட்டன் முழுவதுமாக 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜெர்மானியர் உண்மையில் இழந்தவை சுமார் 60.

வாதம் தவறாக இருப்பது குற்றமில்லை. இளம் தலைவர்கள் அப்படித்தான் வாதிடுவார்கள். அது சென்ற வழியில்தான் எனக்கு மனக்குறை. பாடரின் ஸ்குவாட்ரனில் நிர்வாக அலுவலராக இருந்தவரே நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்; அவர் வழியாக இந்தக் குறை அரசியல் மேலிடத்துக்குப் போனது. அக்டோபர் 17 அன்று விமான அமைச்சகத்தில் உயர் தளபதிகள் கூடிய கூட்டத்தில், ஸ்குவாட்ரன் தலைவர்களில் பாடர் மட்டும் அமர்த்தப்பட்டார். பார்க்கின் கீழ் அன்றாடம் செத்துப் பிழைத்தவர்களில் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஆண்டு முடிவதற்குள், போர் விமானப் படையின் தலைவரான டவுடிங்கும் பார்க்கும் தம் இடங்களை விட்டு அகற்றப்பட்டார்கள். அதற்குப் பாடர் ஒருவரே காரணம் என்று சொல்வது அவருடைய முக்கியத்துவத்தை மிகைப்படுத்துவதாகும். டவுடிங்கை மாற்ற விரும்பியவர்கள் முன்பே இருந்தார்கள். என்றாலும் பிரிட்டனைக் காத்த இருவரை வீட்டுக்கு அனுப்பிய காரியத்தில் அவர் பெயர் பயன்பட்டது.

சிறை வாழ்க்கையிலும் இதே இரட்டைத் தன்மை. பாராசூட்டில் குதித்தபோது வலது செயற்கைக்கால் விமானத்துக்குள் சிக்கி, வார் அறுந்ததால் உயிர் தப்பினார். ஜெர்மன் தளபதி அடால்ஃப் கல்லண்ட் அவரை விருந்தினராக அழைத்துத் தம் மெஸ்ஸர்ஷ்மிட்டில் உட்காரவும் அனுமதித்தார். மாற்றுக் காலைக் கொண்டுவரப் பிரிட்டனுக்குப் பாதுகாப்பான வழி தருவதாகவும் ஜெர்மானியர் கூறினர். பிரிட்டிஷார் ஆகஸ்ட் 19 அன்று ஒரு பிளென்ஹைம் விமானத்திலிருந்து காலைப் பாராசூட்டில் போட்டுவிட்டு, அப்படியே குண்டு வீசப் போய்விட்டார்கள். இதற்கிடையில் பாடரோ, கெஞ்சித் திரும்பப் பெற்ற பழைய காலை மாட்டிக்கொண்டு, செயிண்ட் ஓமர் மருத்துவமனையின் சன்னல் வழியாகப் படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டு இறங்கித் தப்பிவிட்டார்! விரைவில் பிடிபட்டார். தப்புவதற்கு உதவிய செவிலி லூசில் டெபாக்கரும் அடைக்கலம் கொடுத்த முதிய தம்பதியரும் ஜெர்மனிக்குச் சிறை கொண்டு செல்லப்பட்டார்கள். போருக்குப் பின் உயிரோடு திரும்பினார்கள். தப்பித்தலின் வீரத்தைச் சொல்கிறவர்கள் அந்த மூவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1942 ஆகஸ்ட் முதல் 1945 ஏப்ரலில் விடுவிக்கப்படும் வரை அவர் இருந்தது, ஜெர்மனியில் போர்க்கைதிகளை அடைத்து வைத்த கோல்டிட்ஸ் கோட்டை. அங்கே அவருக்குப் பணிவிடை செய்தவர் அலெக்ஸ் ராஸ் என்ற மருத்துவ உதவியாளர். கோட்டையின் படிக்கட்டுகளில் பாடரை முதுகில் சுமந்து கீழே குளியலறைக்கும் திரும்ப மேலேயும் கொண்டு போனவர். 1943-இல் மருத்துவப் பணியாளர் என்ற முறையில் நாடு திரும்ப ராஸுக்கு வாய்ப்பு வந்தபோது, தமக்குத் துணை வேண்டும் என்று பாடர் மறுத்துவிட்டார் என்பதை ராஸே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இன்னும் ஏறக்குறைய இரண்டாண்டு ராஸ் அந்தக் கோட்டையில் கிடந்தார். கீழ்வானம் அவர்கள் தெல்மாவைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு ராஸின் நினைவுதான் வந்தது.

பிற்காலப் பாடரின் அரசியல் கருத்துகளை நான் ஏற்க முடியாது. ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சியை வெளிப்படையாக ஆதரித்தவர் அவர். அதே மனிதர் எண்ணெய் நிறுவனத்தின் விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு நாடு நாடாகச் செல்லும்போது, கால் இழந்தவர்கள் கிடந்த மருத்துவமனைகளுக்குப் போய், விளம்பரம் இல்லாமல் அவர்கள் படுக்கையருகே உட்கார்ந்தார். கால் போன குழந்தைகளுக்குத் தம் கைப்பட எழுதினார். 1976-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது மாற்றுத்திறனாளிகளுக்கு ஆற்றிய பணிக்காகவே, போர் வெற்றிகளுக்காக அன்று. என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் மிக நல்ல பகுதி திரைப்படம் வெளிவந்த பிறகுதான் நடந்தது. அதனால் படத்தில் அது இல்லை.

ஓடுபாதை

வெண்கொடி அவர்கள் எழுதியதில் 1941 ஆகஸ்ட் 9 நிகழ்வைக் குறித்து ஒன்று சேர்க்கிறேன். எதிரி விமானத்தோடு மோதியதால் தம் ஸ்பிட்ஃபயரின் வால் பகுதி போயிற்று என்று பாடர் வாழ்நாள் முழுதும் நம்பினார். ஜெர்மானியரோ தாங்கள் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னார்கள். அவர் தலைமையில் பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்திருந்த விங் என்ற அணியிலேயே 616-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்த பக் காசன் அதே நாளில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டவர். 1945-இல் விடுதலையானதும் பாடருக்கு எழுதிய கடிதத்தில், அன்று தாம் சுட்ட மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்றின் வால் பெயர்ந்து போனதையும் விமானி குதித்ததையும் விவரித்திருந்தார். அந்த விவரிப்பு பாடரின் விமானத்துக்கு நேர்ந்ததோடு பொருந்துவதைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி, அவரை வீழ்த்தியது சொந்தப் படையின் குண்டாகவே இருக்கலாம் என்கிறார்கள். விமானம் இன்றுவரை அடையாளம் காணப்படாததால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. 109-இன் புதிய வகையின் பின்பகுதி, தொலைவிலிருந்து பார்க்கும்போது ஸ்பிட்ஃபயரிலிருந்து எளிதில் பிரித்தறியக்கூடியதாக இல்லை. காசன் அந்தக் கடிதத்தை எழுதும்போது எதையும் ஐயுற்றாரா என்பதற்குக் கடிதத்துக்குள் விடை கிடையாது. பாடர் படித்தபோது அவருக்கும் அந்த ஐயம் எழுந்ததாகத் தெரியவில்லை.